ஸ்போக் வீல் மாட்டினால் மட்டும் விலை ஏறாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் எஸ்டேட் பங்களா ஷெட்டுகளில் நிற்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். படங்கள் அருமை. ஆனால் ஸ்போக் வீல், ஓவர்டிரைவ் (இன்ஜின் மெதுவாகச் சுழன்றாலும் கார் வேகமாகப் போக உதவும் கூடுதல் கியர் அமைப்பு), கூடுதல் விளக்குகள் போன்ற அரிய ஃபிட்டிங்குகள் இருந்தால் காரின் விலை பல மடங்காகும் என்று அதில் பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு ஸ்போக் வீல் செட் எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பவர்கள் இங்கே கூடிவிட்டார்கள். இன்னொரு பக்கம், காரை விட்டுவிட்டு அந்த ஃபிட்டிங்கை மட்டும் கழற்றித் தரச் சொல்லும் தரகர்களும் மலையேறி வருகிறார்கள். இரண்டுமே உரிமையாளருக்கு நஷ்டம். ஆகவே இந்த விளக்கம். சற்று நீளம்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஆப்ஷன் எது என்று பார்த்துவிடலாம். கார் தொழிற்சாலையில் உருவாகும்போதே, வாங்குபவர் கேட்டபடி, கூடுதல் பணத்துக்குப் பொருத்தப்பட்டது மட்டுமே ஃபாக்டரி ஆப்ஷன். கார் ஷோரூமுக்கு வந்த பிறகு டீலர் மாட்டிக் கொடுத்தது வேறு வகை. பல ஆண்டுகள் கழித்து உரிமையாளரோ மெக்கானிக்கோ மாட்டியது மூன்றாவது வகை. பொருள் ஒன்றே ஆனாலும் இந்த மூன்றுக்கும் சந்தையில் விலை வேறு.

ஆஸ்டின் ஹீலி 100 என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் இதற்கு நல்ல உதாரணம். சாதாரண 100-இல் 90 குதிரைத்திறன். இதற்கு லெ மான் கிட் என்று ஒரு தொகுப்பை ஹீலி கம்பெனி விற்றது: ஒன்றே முக்கால் அங்குல எஸ்.யூ. (கம்பெனிப் பெயர்) கார்புரேட்டர் இரண்டு, குளிர்காற்றுப் பெட்டி, வேறு கேம்ஷாஃப்ட், வேறு டிஸ்ட்ரிபியூட்டர். அதை மாட்டினால் சுமார் 100 குதிரைத்திறன். 1955-56இல் வார்விக்கில் உள்ள ஹீலி பட்டறையிலேயே இவற்றோடு 8.1-க்கு 1 என்ற உயர் அழுத்த பிஸ்டன்கள், காற்றுத் துளைகள் வெட்டித் தோல் வாரால் கட்டிய பானெட், முன்பக்கம் கனமான ஆன்டி-ரோல் பார் எல்லாம் சேர்த்து முடித்த கார்தான் 100எம். அப்படி 640 கார்கள் மட்டுமே. டீலரிடம் கிட் வாங்கி மாட்டிய கார்களும் நிறைய உண்டு. அவையும் அதே வேகத்தில் ஓடும், அதே சத்தம் போடும். ஆனால் 640-இல் ஒன்று என்று காட்ட முடிந்த காருக்கும், கிட் மாட்டிய காருக்கும், நேற்று பானெட்டில் துளை வெட்டிய காருக்கும் விலையில் பெரிய இடைவெளி. இதைப் பிரித்தறிய பானெட்டை மட்டும் பார்த்துப் பயனில்லை. பானெட்டிலும், காக்பிட்டைச் சுற்றியுள்ள அலுமினியப் பட்டைகளின் அடியிலும் பாடி எண் குத்தியிருக்கும். அவை ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும், கம்பெனி ரிவெட் அடித்த அடையாளத் தகட்டோடும் பொருந்த வேண்டும். பானெட்டில் எண்ணே இல்லையென்றால் அது வேறெங்கிருந்தோ வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, ஒரு ஆப்ஷன் ஏன் அரிதாகிறது என்பது. பெரும்பாலும் அன்றைக்கு அதை யாரும் விரும்பாததால்தான். இதற்கு 1967 ஷெவர்லே கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரின் எல்-88 என்ற இன்ஜினைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த ஆண்டு மொத்தம் 22,940 கார்வெட்டுகள் தயாராயின. அவற்றில் எல்-88 வெறும் 20. காரின் அடிப்படை விலை நாலாயிரத்துச் சொச்சம் டாலர். இந்த இன்ஜினுக்கு மட்டும் கூடுதலாக 947 டாலர் 90 சென்ட். அதோடு கனரக பிரேக், கனரக சஸ்பென்ஷன், எம்-22 கியர்பாக்ஸ், வழுக்காத டிஃபரென்ஷியல் எல்லாவற்றையும் கட்டாயமாக வாங்க வேண்டும். இவ்வளவு கொடுத்தாலும் ரேடியோ கிடையாது, ஹீட்டர் கிடையாது. அழுத்த விகிதம் 12.5-க்கு 1 என்பதால் 103 ஆக்டேனுக்குக் குறைந்த பெட்ரோல் ஊற்றக் கூடாது என்று காருக்குள்ளேயே எச்சரிக்கை ஒட்டியிருந்தார்கள். இது போதாதென்று, கம்பெனி காகிதத்தில் 430 குதிரைத்திறன் என்றுதான் போட்டது. உண்மையில் 500-ஐத் தாண்டும். அதைவிட மலிவான எல்-71 இன்ஜினுக்கு 435 என்று போட்டிருந்ததால், எண்ணைப் பார்த்து வாங்கியவர்கள் அதையே வாங்கினார்கள். பந்தயத்துக்கு வேண்டியவர்களைத் தவிர மற்றவர்களை ஒதுக்கி வைக்கவே கம்பெனி இப்படிச் செய்தது என்று கொள்வதில் தவறில்லை. அன்றைக்குச் சீந்துவாரின்றி இருந்த அந்தக் காரில் ஒன்று 2014இல் அமெரிக்காவில் பாரெட்-ஜாக்சன் ஏலத்தில் 38.5 லட்சம் டாலருக்குப் போனது.

போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். 2.7 இன்னும் வேடிக்கை. 1973 மாடலாக வந்த இதில் மொத்தம் 1,580 கார்கள். எம்-471 என்ற ஆப்ஷனை எடுத்தால் சொகுசுச் சாமான்களைக் கழற்றி எடையைக் குறைத்துத் தருவார்கள். அதற்கு 700 ஜெர்மன் மார்க் கூடுதல். எம்-472 என்றால் டூரிங், சாமான்கள் எல்லாம் உண்டு. அதற்கு 2,500 மார்க். டூரிங் 1,308 விற்றது, எடை குறைந்தது 200 மட்டுமே. இன்று அந்த 200-இல் ஒன்றுக்குத்தான் கிராக்கி. இதனால் டூரிங் காரிலிருந்து கடிகாரம், பின்சீட், கார்ப்பெட் எல்லாவற்றையும் பிய்த்தெறிந்துவிட்டு எம்-471 என்று விற்கப் பார்ப்பவர்களும் உண்டு. சாமானைக் கழற்றுவது சுலபம். எந்த ஆப்ஷனோடு கார் வெளியே போனது என்று போர்ஷேயின் பழைய பதிவட்டையில் எழுதி வைத்திருக்கிறார்களே, அதை என்ன செய்வது?

அரிதாக இருந்தால் போதும் என்று நினைப்பதும் சரியல்ல. 1967 கார்வெட்டில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் ஆட்டோமேட்டிக் கியர். நான்கு கியர் மேனுவலைவிட அது எவ்வளவோ அரிது. இருந்தும் விலை குறைவு, ஏனெனில் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குபவருக்கு அது வேண்டாம். போர்ஷே 911-இல் 1968 மாடலில் வந்த ஸ்போர்ட்டோமேட்டிக் என்ற கிளட்ச் பெடல் இல்லாத கியர்பாக்ஸும் நெடுங்காலம் இப்படித்தான் ஒதுக்கப்பட்டுக் கிடந்தது. காரின் குணத்தை அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்தத் திசையில் தள்ளுகிற ஆப்ஷனுக்குத்தான் கிராக்கி: வேகம், பிரேக், எடைக் குறைவு, நீண்ட தூரப் பந்தயத்துக்கான தொட்டி. 1963 கார்வெட்டில் இசட்-06 என்ற பந்தயத் தொகுப்பை 199 பேர் வாங்கினார்கள். 36 காலன், அதாவது சுமார் 136 லிட்டர் பெட்ரோல் டேங்க்கை 63 பேர்தான் கேட்டார்கள். வழக்கமான டேங்க் 20 காலன். பெரிய டேங்க் உள்ள காருக்குத் தனி மவுசு. சொகுசு ஆப்ஷன்களில் விலை போகிறவை குறைவு. மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காருக்கு அளவெடுத்துச் செய்த தோல் பெட்டிகள் ஒரு விதிவிலக்கு. அந்தக் காரின் டிக்கியை ஸ்டெப்னியும் டேங்க்கும் அடைத்துக்கொள்ளும். அதனால் சீட்டுக்குப் பின்னால் வைக்கத் தனிப் பெட்டிகள் விற்றார்கள். கார் ஒரு கைக்கும் பெட்டி இன்னொரு கைக்கும் போய்விடுவதால் இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம்.

ஆப்ஷனையும் உற்பத்தியின்போது நடந்த மாற்றத்தையும் குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. 1961இல் வந்த முதல் ஜாகுவார் ஈ-டைப்புகளில், சுமார் 500 கார்கள் வரை, பானெட்டை வெளியிலிருந்து சாவி போட்டுத் திறக்க வேண்டும். பிறகு உள்ளிருந்து இழுக்கும் நெம்பாக மாற்றிவிட்டார்கள். இது யாரும் கேட்டு வாங்கியது அல்ல. அந்தக் காருக்கு மதிப்பு கூடுதல்தான், ஆனால் காரணம் வேறு. அதைச் சரிபார்க்கும் வழியும் வேறு, சேஸிஸ் எண்ணின் வரிசையைப் பார்த்தாலே போதும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். நிலத்துக்குத் தாய்ப்பத்திரம் எப்படியோ, ஆப்ஷனுக்கு அத்தாட்சி அப்படி. வாங்குபவர் பணம் கொடுப்பது அந்தக் காகிதத்தை நம்பித்தான்.

அத்தாட்சி கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆஸ்டின் ஹீலி, எம்.ஜி.ஏ., எம்.ஜி.பி., ட்ரயம்ஃப் டி.ஆர். கார்களின் உற்பத்திப் பதிவுகள் இங்கிலாந்தில் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சேஸிஸ் எண்ணையும், கார் நம்மிடம் இருப்பதற்கான சான்றையும் அனுப்பினால், பதிவில் உள்ள இன்ஜின் எண், பெயின்ட், உள்துணி நிறம், தொழிற்சாலையில் பொருத்திய சாதனங்கள், அனுப்பிய நாடு ஆகியவற்றை எழுதிச் சான்றிதழாகத் தருகிறார்கள். ஜாகுவாருக்குத் தனி அறக்கட்டளை உண்டு. அந்தச் சான்றிதழில் எண்களும் நிறமும் தேதியும் தெளிவாக இருக்கும், ஆப்ஷன்கள் பற்றிப் பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது. மெர்சிடிஸுக்கு டேட்டா கார்டு. அதில் ஆப்ஷன்கள் குறியீட்டு எண்களாக வரிசையாக இருக்கும். 1967 முதலான அமெரிக்க ஃபோர்டு கார்களுக்கு, கம்பெனிப் பதிவுகளிலிருந்து எடுத்துத் தரும் மார்ட்டி அறிக்கை. 60-களின் கார்வெட்டுக்கு மட்டும் இப்படி வண்டி எண்ணை வைத்து ஆப்ஷன்களைச் சொல்லும் கம்பெனிப் பதிவு கிடைக்காது. அதனால்தான் போலி எல்-88 இவ்வளவு. 1967 முதல் பெட்ரோல் டேங்க்கின் மேல்பக்கம் ஆப்ஷன் பட்டியலை ஒட்டி அனுப்பினார்கள். டேங்க்கை இறக்கினால்தான் தெரியும். நூற்றுக்கணக்கான கார்களில் அது துருவோடு சேர்ந்து போய்விட்டது.

காகிதம் இல்லாத இடத்தில் இரும்பு பேச வேண்டும். கார்வெட் இன்ஜினில் வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் ஒரு சிறிய சமதளம் இருக்கும். அதில் இன்ஜின் தயாரான மாதம், தேதி, முடிவில் ஒரு குறியீடு: எல்-88 என்றால் ஐ.டி., 435 குதிரைத்திறன் நான்கு கியர் என்றால் ஜே.இ. பக்கத்தில் காரின் எண்ணும் குத்தியிருக்கும். எழுத்தை மட்டும் பார்த்து நம்பிவிடக் கூடாது. அந்தச் சமதளத்தைத் தொழிற்சாலையில் சீவியபோது மெல்லிய இணைகோடுகள் பதிந்திருக்கும். இன்ஜினை மறுசீவல் செய்தால் அந்தக் கோடுகள் அழிந்து, வேறு திசையிலோ வட்டமாகவோ புதிய கோடுகள் வந்துவிடும். அதன் மேல் புதிதாகக் குத்திய எண்தான் போலி. தேதிகளின் வரிசையையும் பார்க்க வேண்டும்: பிளாக் வார்த்த தேதி முதலில், இன்ஜின் சேர்த்த தேதி அதற்குப் பிறகு, பாடி கட்டிய தேதி அதற்கும் பிறகு. முன்பின்னாக இருந்தால் எங்கோ கை வைத்திருக்கிறார்கள்.

இல்லாமையையும் சரிபார்க்கலாம். ரேடியோ இல்லாமல் வந்த கார்வெட்டுக்கு இன்று மதிப்பு அதிகம் என்பதால் ரேடியோவைக் கழற்றி மூடித் தகடு போட்டுவிடுகிறார்கள். ஆனால் ஃபைபர் பாடி மின்னிரைச்சலைத் தடுக்காது. எனவே ரேடியோ உள்ள கார்களில் டிஸ்ட்ரிபியூட்டரையும் பிளக் வயர்களையும் உலோகக் கவசத்தால் மூடியிருப்பார்கள். ரேடியோ இல்லாமல் வந்ததில் அந்தக் கவசமே இருக்காது, ஃபெண்டரில் ஏரியல் ஓட்டையும் இருக்காது. கவசத்தின் தாங்கிகளோ, அடைத்த ஓட்டையின் தடமோ இருந்தால் கதை முடிந்தது. 1963 கார்வெட்டில் சென்டர்-நட் (நடுவில் ஒரே நட்டால் பிடிக்கும்) அலுமினிய வீல் பார்த்தாலும் சந்தேகப்படலாம். பட்டியலில் இருந்தாலும் அந்த ஆண்டு வார்ப்பில் நுண்துளை விழுந்து காற்று நிற்கவில்லை. அதனால் அநேகமாகக் காரோடு போகவே இல்லை.

நம் மலைக்கு வருவோம். 1950-களின் நடுவிலிருந்து இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிவிட்டதால், இங்கே ஷெட்டுகளில் இருக்கக்கூடியவை பெரும்பாலும் அதற்கு முந்தைய, எம்.ஜி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் டி.சி., டி.டி. போன்ற மாடல்கள், ட்ரயம்ஃப், ஹீலி அரிது. ஆகவே ஸ்போக் வீல் என்றதும் நாங்கள் பதறியதற்குக் காரணம் எம்.ஜி. டி.டி.தான். டி.சி.க்கு 19 அங்குல ஸ்போக் வீல் கம்பெனியே கொடுத்தது. அது ஆப்ஷன்கூட இல்லை. பின்னால் வந்த டி.எஃப்.-க்கு ஸ்போக் வீல் ஆப்ஷன். நடுவில் வந்த டி.டி.க்கு, அதாவது 29,664 கார்களுக்கு, ஸ்போக் இல்லாத தட்டு போன்ற இரும்பு டிஸ்க் வீல்தான். டி.டி.யில் ஸ்போக் மாட்டினால் கல்யாண ஊர்வலத்துக்கு நன்றாக இருக்கும். விவரம் தெரிந்தவர் முதல் பார்வையிலேயே விலையைக் குறைப்பார். டி.டி.யில் மதிப்பைக் கூட்டுவது வேறொன்று. சேஸிஸ் எண்ணுக்கு முன்னால் TD/C என்று இருந்தால் அது மார்க் 2: ஒன்றரை அங்குல கார்புரேட்டர் (சாதாரண டி.டி.க்கு ஒன்றேகால்), இரண்டு பெட்ரோல் பம்ப், வழக்கமான ஷாக் அப்சார்பருக்கு மேல் உராய்வு டேம்ப்பர்கள். 1,710 கார்கள் மட்டும். ஷெட்டில் கிடக்கும் டி.டி.யில் இரண்டாவது பம்ப் எதற்கென்று தெரியாமல் கழற்றி வீசியிருந்தால், தேடிப் பிடித்து மீண்டும் வையுங்கள்.

உண்மையாகவே ஸ்போக் வீலோடு வந்த கார் என்றால், விலையைவிட உயிர் முக்கியம். ஸ்போக் வீலை அச்சு முனையிலுள்ள ஹப்பில் நடுவில் ஒரே நட்தான் பிடித்திருக்கும். காரின் இடது பக்க ஹப்பில் சாதாரண வலது மரை. வலது பக்கத்தில் இடது மரை. இரு பக்கமும் சக்கரம் முன்னோக்கி உருளும் திசையில்தான் நட் கழலும். ஷெட்டில் பிரித்துப் போட்ட ஹப்புகளைப் பக்கம் மாற்றி ஏற்றிவிட்டால் ஓட ஓட நட் தானே தளரும். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் பிடித்துக்கொண்டு இறங்கும்போது சக்கரம் தனியே போவது இப்படித்தான். நட்டின் காதை செம்புச் சுத்தியலால்தான் தட்ட வேண்டும். ஸ்போக் ஒவ்வொன்றையும் சிறு ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். இறுகியது கணீரென்னும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். பிரேக் பிடிக்கும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் சக்கரத்தில் டக் என்று சத்தம் வந்தால் ஹப்பின் பற்கள் தேய்ந்துவிட்டன. வீல் மட்டும் புதிதாகப் போட்டுப் பயனில்லை, தேய்ந்த ஹப் புதிய வீலின் பற்களையும் தின்றுவிடும். எம்.ஜி.பி.யில் இன்னொரு சோதனை: ஸ்போக்கோடு வந்த காரின் பின் ஆக்சில் டிஸ்க் வீல் காருடையதைவிடக் குட்டை. நீள ஆக்சிலில் அடாப்டர் வைத்து ஸ்போக் மாட்டினால் டயர் வெளியே பிதுங்கி, வளைவில் ஃபெண்டரில் உரசும்.

ஓவர்டிரைவ் பற்றி ஒரு நல்ல செய்தி. ட்ரயம்ஃப் டி.ஆர். கார்களில் அது தொழிற்சாலையிலேயே வந்திருந்தால் கமிஷன் எண்ணின் (ட்ரயம்ஃபில் சேஸிஸ் எண்ணுக்கு அதுதான் பெயர்) வாலில் ஓ என்ற எழுத்து இருக்கும். எண்ணே அத்தாட்சி, இப்படி வசதி மற்றக் கார்களில் குறைவு. அது வேலை செய்யவில்லை என்றால் கழற்றிக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். லேகாக் ஏ-டைப் என்ற ஓவர்டிரைவில் பெரும்பாலும் பழுது அதை இயக்கும் மின்காந்தமான சாலினாய்டில்தான். இழுக்கும் கணத்தில் 15 ஆம்பியருக்கு மேல் எடுக்கும், பிடித்து நிறுத்த ஒன்றிரண்டு ஆம்பியர் போதும். நெம்பு சரியாக அமையாவிட்டால் சாலினாய்டு முழுதாக உள்ளே போகாது, பெரிய மின்னோட்டம் நிற்காமல் ஓடிக் காயில் கருகும். நெம்பில் உள்ள துளைக்கும் கூட்டில் உள்ள துளைக்கும் சேர்த்து 3/16 அங்குலக் கம்பி நுழையும்படி வைத்து இறுக்க வேண்டும். பிறகு சுவிட்ச் போட்டு ஆம்பியர் விழுகிறதா என்று பாருங்கள். ஓவர்டிரைவ் பிடித்திருக்கும்போது ரிவர்ஸ் எடுத்தால் உள்ளே இருக்கும் ஒருவழி கிளட்ச் உடையும். அதற்குப் பிறகு செலவு வேறு கணக்கு.

இந்த மலைக்கே உரிய ஒரு இழப்பும் உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். சமவெளியைவிட இங்கே காற்றின் அடர்த்தி சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் பெட்ரோல் கலவை தடித்து, பிளக் கருத்து, இன்ஜின் இருமும். அந்தக் காலத்து மெக்கானிக்குகள் சரியாகவே எஸ்.யூ. கார்புரேட்டரின் ஊசியை மெல்லிய கலவைக்கானதாக மாற்றினார்கள். ஆனால் கழற்றிய மூல ஊசி காணாமல் போய்விடும். ஊசியின் தண்டில் அதன் குறியீட்டு எழுத்து குத்தியிருக்கும். அதேபோல ஃப்ளோட் சேம்பர் மூடியின் நட்டுக்கு அடியில் ஒரு சிறு தகட்டுப் பட்டி, ஏ.யூ.சி. என்று தொடங்கும் எண்ணோடு இருக்கும். எந்தக் காருக்கான கார்புரேட்டர் ஜோடி என்று அதுதான் சொல்லும். சர்வீஸ் செய்யும்போது பட்டியைத் தூக்கிப் போடுவது ஒரு கெட்ட பழக்கம். மூல ஊசி, பட்டி, பழைய ஜெட் எல்லாவற்றையும் கவரில் போட்டுக் காரோடு வையுங்கள். ஓட்டுவதற்கு வேறு ஊசி இருக்கட்டும். லூகாஸ் விளக்குகளின் கூட்டில் மாதமும் ஆண்டும் குத்தியிருக்கும். கார் தயாரான தேதிக்குச் சில மாதங்கள் முன்னால் இருந்தால் அது மூல விளக்கு. பாலிஷ் போடுகிறேன் என்று அதைத் தேய்த்து அழித்துவிடாதீர்கள்.

எண் பதிந்த இடத்தில் எமரித்தாள், வயர் பிரஷ், கிரைண்டர் எதுவும் கூடாது. பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுங்கள், ஆர்.டி.ஓ. ஆபீஸில் செய்வதைப் போலத்தான். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் படமும் எடுங்கள். தகட்டை ரிவெட் உடைத்துக் கழற்றிப் புது ரிவெட் போட்டால், தகடு மூலமானதாகவே இருந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

காகிதங்களுக்குக் குன்னூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பர் மழையும், ஊட்டியில் ஜூன் முதல் வரும் தென்மேற்கு மழையும் எதிரி. பில், சர்வீஸ் புக், சுங்க ரசீது, பழைய ஆர்.சி., கார் நிற்கும் பழைய குடும்பப் புகைப்படங்கள், எஸ்டேட் ஆபீஸ் லெட்ஜரில் கார் வாங்கிய பதிவு எல்லாமே அத்தாட்சிதான். லாமினேட் செய்ய வேண்டாம். ஒட்டிக்கொள்ளும் சாதாரண பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், மை அதில் ஏறிவிடும். அமிலமற்ற தாள் உறையில் போட்டு, மூடி இறுகும் டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வீட்டுக்குள் வையுங்கள். பங்களாவை விற்கும்போது பரணைக் காலி செய்து பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுகிறார்கள். ஒரு காரின் பாதி விலை அந்தச் சாக்கில் போய்விடலாம். காருக்குப் பிளாஸ்டிக் கவர் போடாதீர்கள், உள்ளே ஈரம் தங்கித் தோல் சீட்டில் பூஞ்சை பிடிக்கும். பருத்திக் கவர் போதும்.

தரகர் வந்து சக்கரத்துக்கோ கார்புரேட்டர் ஜோடிக்கோ மட்டும் நல்ல விலை சொன்னால், அதுவே அந்தக் காரில் ஏதோ இருக்கிறது என்பதற்கு அடையாளம். சேஸிஸ் எண்ணுக்குச் சான்றிதழ் வரும்வரை எதையும் பிரித்து விற்காதீர்கள். அந்தப் பொருள் வேறொரு காருக்குப் போனால் அங்கே அது வெறும் உதிரி பாகம். புதிதாகத் தயாராகி வரும் நகல் பாகங்களைப் பொறுத்தவரை எங்கள் கருத்து இதுதான்: ஓட்டுவதற்கு வாங்குங்கள், விலை கூட்டுவதற்கு வாங்காதீர்கள். அவற்றுக்குக் கொடுத்த பணம்கூடத் திரும்பி வராது.

கடைசியாக, கட்டுரையில் சொல்லாமல் விட்ட ஒரு விதி. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் திருத்திய விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த கார் மூல வடிவில் இருந்தால் விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் முடியாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். புதுப்பிக்க 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான கார் தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இப்படிப் பதிந்த காரைக் கண்காட்சி, விண்டேஜ் ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினமும் மார்க்கெட்டுக்கு ஓட்ட முடியாது. ஃபிட்டிங் சேர்க்கிறேன் என்று பாடியை வெட்டி வேறு இன்ஜின் ஏற்றியவர்கள் இந்தப் பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன் பழைய இன்ஜின் எங்கே கிடக்கிறது என்று தேடிப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் அது அதே ஷெட்டின் மூலையில், தார்ப்பாய்க்கு அடியில்தான் இருக்கும்.

இப்படிக்கு,
பழைய கார் மெக்கானிக்குகள் சிலர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்